சேர்வராயன் மலையும் 6ஜியும்: அடுத்த தலைமுறை மொபைல் வலையமைப்பு ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பொறியியல் கல்லூரி ஒன்றில் தகவல்தொடர்புப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் மாணவர்களும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைமேல் எஸ்டேட், பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் என்று போகும் இடங்களில் மற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் எண்களைத் தாண்டிப் படிக்கலாம், விஷயம் புரியும்.

6ஜி வந்துவிட்டதா?

இல்லை. கடையில் யாராவது 6ஜி போன் என்று காட்டினால் நம்ப வேண்டாம்.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அடுத்த தலைமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான இலக்குகளை ஐ.நா. அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியூ) 2023 நவம்பரில் வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஐஎம்டி-2030. அந்த இலக்குகளை எட்டும் தொழில்நுட்ப விதிகளை எழுதும் வேலை 3ஜிபிபி என்ற உலகக் கூட்டமைப்பினுடையது. எல்லாம் திட்டப்படி நடந்தால் 2030 வாக்கில் சேவை தொடங்கும். இந்தியாவும் 2023 மார்ச்சில் 'பாரத் 6ஜி' தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டது.

இலக்குகளில் சிலவற்றைச் சொல்கிறேன். உச்ச வேகம் விநாடிக்கு 50 முதல் 200 கிகாபிட். 5ஜிக்கு வைத்த இலக்கு 20. தரவு போய்ச் சேரும் தாமதம் 0.1 முதல் 1 மில்லி விநாடி. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 லட்சம் முதல் 10 கோடி கருவிகள் வரை இணைப்பு. இருக்கும் இடத்தை 1 முதல் 10 சென்டிமீட்டருக்குள் துல்லியமாகச் சொல்வது. இவை ஆராய்ச்சிக்கான குறிகள். உங்கள் போனில் இந்த வேகம் வரும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

5ஜியில் இல்லாத மூன்று பயன்பாடுகளை இந்தத் திட்டத்தில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று, வலையமைப்போடு செயற்கை நுண்ணறிவைப் பின்னுவது. இன்னொன்று, ரேடியோ அலையை வைத்தே சுற்றுப்புறத்தை உணர்வது. மூன்றாவது, எங்கும் இணைப்பு. எனக்கு முக்கியம் இந்த மூன்றாவதுதான்.

5ஜியே எங்கள் ஊருக்கு ஒழுங்காக வரவில்லை. அதற்குள் 6ஜி ஆராய்ச்சி எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதில் இருக்கும் கோபம் நியாயமானது. மலைமேல் நாகலூர்ப் பக்கமோ மஞ்சக்குட்டைப் பக்கமோ போய்ப் பாருங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைத்துவிட்டு மெஷின் பதில் சொல்லும்வரை வரிசை நிற்கும். அங்கே போய் 200 கிகாபிட் பற்றிப் பேச எனக்கும் நா எழாது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மொபைல் தொழில்நுட்பத்தில் விதிகளை ஒருமுறை எழுதி முடித்துவிட்டால், சிப், ஆண்டெனா, டவர்க் கருவி எல்லாம் அந்த விதிப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடும். எழுதும்போது எந்த ஊரை மனதில் வைத்து எழுதினார்களோ, அந்த மாதிரி ஊர்களில்தான் நன்றாக ஓடும். நம் தேவையைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். 2030இல் சொன்னால் அடுத்த தலைமுறைக்குப் பார்க்கலாம் என்பார்கள்.

சொன்னால் கேட்பார்களா என்றால், ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். 5ஜிக்கான சோதனை நிபந்தனைகளை வகுத்தபோது, கிராமப்புறத்தில் டவருக்கும் டவருக்கும் இடையே 1.7 கிலோமீட்டர் போல இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். நம் நாட்டுக் கிராமங்களில் அவ்வளவு நெருக்கமாக யார் டவர் வைப்பார்கள்? இந்தியத் தரப்பு இதை எடுத்துச் சொல்லி, 6 கிலோமீட்டர் இடைவெளியில் டவர், மெதுவாக நடமாடும் மக்கள் என்ற ஒரு சோதனையையும் ஐடியூவின் பட்டியலில் சேர்க்க வைத்தது. அதற்கேற்ப தொலைவு கூட்டும் நுட்பங்களை ஐஐடி மெட்ராஸ், ஐஐடி ஹைதராபாத் போன்ற இடங்களில் உருவாக்கினார்கள். '5ஜிஐ' என்ற பெயரில் 2021இல் ஐடியூ அதை ஏற்றுக்கொண்டது. பிற்பாடு அது 3ஜிபிபியின் பொது விதிகளோடு இணைந்தது.

அது சமவெளிக் கிராமத்துக்கான கணக்கு. மலைக் கிராமத்துக்கு அதேபோல ஒரு சோதனை நிபந்தனை வேண்டும் என்பது என் கோரிக்கை. கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இது தலைகாட்டும்.

ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் எல்லாக் கோடும் காட்டுது, நெட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. ஏன்?

அருமையான கேள்வி. இதற்கான பதிலிலேயே பாதி ஆராய்ச்சிச் சிக்கல் அடங்கிவிடுகிறது.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 280 மீட்டருக்குச் சற்றுக் கீழே. அந்த முனையிலிருந்து பார்த்தால் சேலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிறது என்றால் உங்கள் போனுக்கும் தெரிகிறது. ஜங்ஷன் பக்கத்து டவர், ஐந்து ரோட்டு டவர், அஸ்தம்பட்டி டவர் என்று பத்து இருபது டவர்களின் அலை தடையில்லாமல் வந்து சேரும். தெருவில் இருப்பவர்களுக்காக அந்த ஆண்டெனாக்களைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள். ஆனாலும் மேல்பக்கமாகக் கசியும் அலை மலை வரைக்கும் வரும்.

போனில் தெரியும் கோடு பெரும்பாலும் ஒரு டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. மற்ற டவர்கள் அதே அலைவரிசையில் எவ்வளவு குறுக்கிடுகின்றன என்பது கோட்டில் தெரியாது. விடிகாலை சேலம் லீ பஜார் சந்தையில் எல்லா மண்டியிலும் ஒரே நேரத்தில் ஏலம் கூவினால் சத்தத்துக்குக் குறைவிருக்காது, ஒரு விலையும் காதில் விழாது. அதுதான் இங்கே நடக்கிறது. சிக்னல் அளக்கும் செயலியைத் திறந்து பாருங்கள். பலம் மைனஸ் 85 டிபிஎம் என்று திருப்தியாக இருக்கும். அதற்குக் கீழே எஸ்ஐஎன்ஆர் என்று ஓர் எண் வரும், நமக்கு வேண்டிய அலை குறுக்கீட்டையும் இரைச்சலையும்விட எவ்வளவு பலமானது என்பதன் அளவு அது. இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தால் கோடு எத்தனை இருந்தும் பயனில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. டவர் 40 வாட்டிலும் அதற்கு மேலும் பேசும். உங்கள் போன் பேசுவது 0.2 வாட்டில். டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது டவருக்குக் கேட்காது. படம் இறங்கும், நீங்கள் எடுத்த படம் ஏறாது.

முனையை விட்டு ஊர்ப்பக்கம் நடந்தால், மலையே குறுக்கே நின்று கீழ்ச் சேலத்து டவர்களை மறைத்துவிடும். உள்ளூர் டவர் மட்டும் கிடைக்கும். பல நேரம் கோடு குறைந்து வேகம் கூடும்.

உயரத்தில் பறக்கும் ட்ரோன்களுக்கும் இதே சிக்கல். அதற்காக 3ஜிபிபி தனியாக ஆய்வு நடத்தியிருக்கிறது. 6ஜி ஆராய்ச்சியில் இதற்கு முன்வைக்கப்படும் ஒரு தீர்வு, டவர்கள் ஒன்றோடொன்று போட்டி போடாமல் சேர்ந்து ஒரே பயனருக்கு அனுப்புவது. ஒரு டவரின் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் செல் எல்லை என்பதையே எடுத்துவிடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அத்தனை டவர்களும் ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும், அவற்றுக்கிடையே தரவு தடையில்லாமல் ஓட வேண்டும். நகரத்துக்குள்ளேயே அது கடினம். சேலத்து டவரும் ஏற்காட்டு டவரும் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பது திறந்திருக்கும் கேள்வி.

டெராஹெர்ட்ஸ் அலை என்கிறார்களே, அது மலையில் எடுபடுமா?

100 கிகாஹெர்ட்ஸுக்கு மேலான மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளைத்தான் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். எடுபடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

700 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர் போல. 3.5 கிகாஹெர்ட்ஸில் அது 8.6 சென்டிமீட்டர். 140 கிகாஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர்தான். ஒரே மாதிரி ஆண்டெனாவை வைத்துக்கொண்டு அதிர்வெண்ணை மட்டும் கூட்டினால், வந்து சேரும் சக்தி அதன் இருபடி அளவுக்குக் குறையும். 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 140 கிகாஹெர்ட்ஸுக்குப் போவது 200 மடங்கு, சக்தி குறைவது 40,000 மடங்கு. நடுவில் ஒரு மரமும் இல்லாத வெற்று வெளிக்கான கணக்கு இது.

ஈடுகட்ட வழி இருக்கிறது. அலை சிறியது என்பதால் உள்ளங்கை அளவு பலகையில் ஆயிரக்கணக்கான குட்டி ஆண்டெனாக்களை வைக்கலாம். எல்லாம் சேர்ந்து சக்தியை ஒரே திசையில் குவிக்கும். ஆனால் கதிர் மெலிந்துவிடும். ஆள் கொஞ்சம் நகர்ந்தாலும் கதிர் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மேலும் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் அலையைப் பலப்படுத்தும் பெருக்கிகள் மின்சாரத்தை விழுங்கிவிட்டுக் கொஞ்சமே அலையாக வெளியே தருகின்றன. இந்தப் பெருக்கியின் திறனைக் கூட்டுவது உலகெங்கும் நடக்கும் பெரிய ஆராய்ச்சி.

இப்போது காபித் தோட்டத்துக்குள் வாருங்கள். காபிச் செடிக்கு மேலே சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக் கொடி. இலை ஒவ்வொன்றும் அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். மழை பெய்து இலை நனைந்துவிட்டால் இன்னும் மோசம். மழையின் பங்கு தனி. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும்போது 26 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். அதே மழையில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

உலகக் கவனமும் மெல்ல டெராஹெர்ட்ஸை விட்டுக் கீழே திரும்பியிருக்கிறது. 2023 உலக ரேடியோ மாநாட்டில், 2027 மாநாட்டுக்காக மொபைலுக்கு ஆராயச் சொல்லியிருக்கும் அலைக்கற்றைகள் 4.4, 7, 15 கிகாஹெர்ட்ஸை ஒட்டியவை. இவை நகரத்துக்கு நல்லது. மலைக்கு வேண்டியது 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது. அங்கே இடம் குறைவு. இருக்கிற கொஞ்ச இடத்தில் கூடுதல் பிட்களை அனுப்பும் வழி தேடுவது தலைப்புச் செய்தி ஆகாத ஆராய்ச்சி. எனக்கு அதன்மேல்தான் ஆர்வம்.

சரி, இன்னும் நாலு டவர் கூட வைத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?

டவர் என்பது இரும்புக் கம்பமும் ஆண்டெனாவும் மட்டும் இல்லை. அந்த டவரிலிருந்து தரவை வெளியே கொண்டுபோக ஒரு வழி வேண்டும். ஒன்று பைபர் கேபிள், இல்லையென்றால் இன்னொரு டவரைப் பார்த்து வைத்த மைக்ரோவேவ் தட்டு.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாறையை ஒட்டிய அந்தப் பாதையோரமாகத்தான் கேபிளும் ஏற வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் பாதையோடு கேபிளும் போனால், அதற்குப் பின்னால் இருக்கும் டவர்கள் நின்றபடியே ஊமையாகிவிடும். மைக்ரோவேவ் தட்டுக்கு எதிர்த் தட்டு நேராகத் தெரிய வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் குடியிருப்புக்கு எது நேர்?

அப்புறம் காசு. முப்பது வீடு இருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புக்கு டவர் வைத்தால் ரீசார்ஜ் பணத்தில் செலவு மீளாது. அதனால்தான் அரசு பணம் போட வேண்டியிருக்கிறது. சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஊராட்சிகளுக்குப் பைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டமும் இருக்கிறது, தமிழ்நாட்டில் டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் அதைச் செய்கிறது. ஆராய்ச்சியின் வேலை, அந்தப் பணம் இன்னும் அதிகக் குடியிருப்புகளை எட்டும்படி டவரின் விலையையும் கரன்ட் செலவையும் இறக்குவது.

அலையைத் திருப்பிவிடும் பலகைகள் பற்றி மாணவர்கள் கேட்கிறார்கள். வளைவில் ஒரு பலகையை நிறுத்தி, மறைவில் இருக்கும் இடத்துக்கு அலையைத் தள்ளுவது. கரன்ட் குறைவாகவே வேண்டும் என்பது உண்மை. ஆனால் டவரிலிருந்து பலகை, பலகையிலிருந்து போன் என்ற இரண்டு தூரங்களின் இழப்பும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். அதனால் பலகை மிகப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது ஒரு முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கட்டடத்துக்குள் உதவும். மலைச்சரிவுக்கு அளந்து காட்டாமல் நம்ப மாட்டேன்.

கரன்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடுகிறதே?

டவரின் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டர் இல்லாமலோ டீசல் இல்லாமலோ போயிருக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மலையில் சரிசெய்ய நேரமாகும். அந்த நேரத்தில்தான் 108க்குக் கூப்பிட வேண்டிய அவசியமும் வரும்.

4ஜி டவர் ஒரு ஆள்கூடப் பேசாத நள்ளிரவிலும் மில்லி விநாடிக்கு ஒருமுறை தன் அடையாள அலையை அனுப்பியபடி இருக்கும். 5ஜியில் அதை வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை என்று குறைத்தார்கள். தேவைப்பட்டால் 160 வரைக்கும் நீட்டலாம். இடைப்பட்ட நேரத்தில் பெருக்கியை அணைத்துவைக்கலாம். அடுத்த கேள்வி: கிராமமே தூங்கும்போது டவரும் ஏறக்குறைய முழுதாகத் தூங்கி, ஒரு போன் கூப்பிட்டவுடன் எழுந்துகொள்ள முடியுமா? கூப்பிடுவதைக் கேட்க ஒரு காது விழித்திருக்க வேண்டும். அந்தக் காது எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் இயங்கும்?

அது சாத்தியமானால் மலைமேல் டவரைச் சூரியத் தகட்டிலும் பேட்டரியிலும் மட்டும் ஓட்டலாம். ஏற்காட்டில் பனிமூட்டம் நாள்கணக்கில் சூரியனை மறைக்கும், ஆகவே பேட்டரி அளவை அந்த நாட்களுக்குப் போட வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான். டவரின் ஒவ்வொரு வாட்டையும் குறைப்பது ஏன் முக்கியம் என்பது இதில் புரியும்.

செயற்கைக்கோள் வந்துவிட்டால் டவரே வேண்டாமா?

வேண்டும். ஆனால் செயற்கைக்கோள் பெரிய துணையாக இருக்கும்.

பழைய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நின்றன. கேள்வி போய் பதில் வர அரை விநாடி ஆகும். இப்போதையவை 550 கிலோமீட்டர் போன்ற தாழ்வான பாதையில் சுற்றுகின்றன, தாமதம் குறைவு. ஆனால் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. சில நிமிடங்களில் ஒன்று மறைந்து அடுத்தது தலைக்கு மேல் வரும். அந்த ஓட்டத்தால் 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் 40, 50 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் மாறும். 4ஜியில் தரவைப் பங்கிட்டுச் சுமக்கும் துணை அலைகளுக்கிடையே இருக்கும் வழக்கமான இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ்தான். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது, தான் எங்கே இருக்கிறேன் என்று போன் முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தன் அலையைத் திருத்தி அனுப்ப வேண்டும். 2022இல் முடிந்த 3ஜிபிபியின் 17ஆம் பதிப்பில் இதற்கான முதல் விதிகள் வந்துவிட்டன.

இன்னும் தீராதவை இரண்டு. 0.2 வாட்டில் பேசும் சாதாரணப் போன் அவ்வளவு தூரம் எட்ட, விண்வெளியில் மிகப் பெரிய ஆண்டெனா வேண்டும். அதன் ஒரு கதிர் தரையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விழும், அத்தனை பேரும் அந்த ஒன்றைப் பங்கு போட வேண்டும். வெட்டவெளியில் குறுஞ்செய்தி போகும். சில்வர் ஓக் நிழலிலோ வீட்டுக்குள்ளோ போகுமா என்பது வேறு. பள்ளத்தில் இருக்கும் ஊருக்கு வானமே கொஞ்சம்தான் தெரியும், அந்தக் கொஞ்சத்தில் செயற்கைக்கோள் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும்.

என் கருத்தில் மலைக்குப் பொருத்தமானது, ஊருக்கு ஒரு சின்ன டவர் வைத்து, அந்த டவருக்கு மட்டும் கூரையில் தட்டு வைத்துச் செயற்கைக்கோள் இணைப்பு கொடுப்பது. பாதையில் கேபிள் அறுந்தாலும் டவர் பேசும்.

0.1 மில்லி விநாடித் தாமதம் நமக்கு எதற்கு?

பெரும்பாலோருக்கு வேண்டாம். தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கம்பியில்லாமல் ஒத்திசைத்து ஓட்டுகிறவர்களுக்கு வேண்டும். சேலம் இரும்பாலை மாதிரி இடத்துக்குப் பொருளுண்டு.

அந்த 0.1 என்பது போனுக்கும் டவருக்கும் இடையிலான பயணத்துக்கு மட்டுமே. பைபருக்குள் ஒளி மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர்தான் போகும். சென்னை இங்கிருந்து 340 கிலோமீட்டர். போய்த் திரும்ப 3.4 மில்லி விநாடி, எந்த 6ஜியாலும் அதைக் குறைக்க முடியாது. கணினியைச் சேலத்துக்கே கொண்டுவர வேண்டும்.

ஏஐ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே?

சில இடங்களில் உண்மையாகவே உதவும். எந்தப் பக்கம் கதிரைத் திருப்புவது, எப்போது டவரைத் தூங்கவிடுவது, எந்தக் கருவி பழுதாகப் போகிறது என்று ஊகிக்க ஏஐ பொருத்தமானது.

எனக்கு இருக்கும் கவலை, அதற்குக் கற்றுக்கொடுக்கும் தரவு எங்கிருந்து வருகிறது என்பது. கட்டடங்கள் நிறைந்த நகரத் தெருக்களில் அளந்த தரவில் கற்ற ஏஐ மாதிரி, கொண்டை ஊசி வளைவில் பத்து மீட்டருக்குள் டவர் தெரிந்து மறையும் இடத்தில் தவறாகவே முடிவெடுக்கும். தவறியது ஏன் என்று கேட்டால் அதனால் சொல்லவும் முடியாது. அவசர அழைப்பு சம்பந்தப்பட்ட முடிவை அதன் கையில் விடுவதற்கு முன்னால், ஏஐ குழம்பினால் பழைய எளிய விதிக்குத் தானாகத் திரும்பும் ஏற்பாடு வேண்டும். ஏஐ ஓடவும் கரன்ட் செலவாகும், மிச்சம் பிடித்ததைவிட அது கூடிவிடக் கூடாது.

டவர் ரேடார் மாதிரி வேலை செய்யும் என்பது என்ன? நிலச்சரிவை முன்கூட்டியே சொல்லுமா?

டவர் அனுப்பும் அலை எதிலாவது பட்டுத் திரும்பும். அதைக் கேட்டு, என்ன நகர்கிறது, எங்கே நகர்கிறது என்று அறியலாம். பேசுவதற்கும் உணர்வதற்கும் ஒரே அலை. 6ஜிக்குப் புதிதாகச் சேர்ந்த பயன்பாடுகளில் இதுவும் ஒன்று.

இதன் எளிய வடிவம் இப்போதே சாத்தியம். மேலே மழை மைக்ரோவேவ் அலையை மெலிவாக்கும் என்று சொன்னேன். அதைத் திருப்பிப் போட்டால், இரண்டு தட்டுகளுக்கிடையே அலை எவ்வளவு மெலிந்தது என்று பார்த்து நடுவில் எவ்வளவு மழை பெய்கிறது என்று கணக்கிடலாம். இஸ்ரேல் ஆய்வாளர் ஹகித் மெசரும் அவர் குழுவினரும் 2006இல் இதைச் செய்து காட்டினார்கள். பிறகு நெதர்லாந்தில் மொபைல் நிறுவனத் தட்டுகளின் தரவை வைத்தே நாடு முழுமைக்கும் மழை வரைபடம் போட்டார்கள்.

சேர்வராயன் மலைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். மலையில் மழை ஒரே மாதிரி பெய்யாது. ஏற்காடு ஏரிப்பக்கம் தூறல், அடுத்த சரிவில் கொட்டும். மழைமானி இருக்கும் இடங்கள் சில. தட்டுகள் சரிவுகளுக்குக் குறுக்கே ஏற்கெனவே நிற்கின்றன, அவற்றின் அலைவலுப் பதிவு நிறுவனங்களின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. மண் எப்போது சரியும் என்று இது சொல்லாது. எந்தச் சரிவில் எவ்வளவு நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும், பாதையை எப்போது மூடுவது என்று முடிவெடுப்பவர்களுக்கு அது பெரிய உதவி. பனிமூட்ட ஈரத்தையும் மழையையும் பிரித்தறிவது, தட்டின் மேல் நீர் படிந்ததால் வரும் பிழையைக் கழிப்பது, தரவை நிறுவனங்களிடமிருந்து பெறுவது ஆகியவைதான் சிக்கல்கள். மூன்றாவதுதான் கடினம்.

அலையால் ஆட்களின் நடமாட்டத்தையும் உணர முடியும் என்பதை மறக்கக் கூடாது. கையில் போன் இல்லாதவரையும் அது பார்க்கும். அவரிடம் சம்மதம் கேட்பது எப்படி என்பதற்குத் தொழில்நுட்ப விதியும் சட்டமும் இரண்டும் வேண்டும்.

டவர் கதிர்வீச்சால் ஆபத்து கூடுமா?

மொபைல் அலைக்கு அணுக்களை உடைக்கும் சக்தி கிடையாது, டெராஹெர்ட்ஸுக்கும் கிடையாது. அதிகமானால் சூடாக்கும், அந்த அளவை எட்டாதபடிதான் வரம்பு வைக்கிறார்கள். 2012இல் இந்தியா டவர்களுக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கை நிர்ணயித்தது. போன் டவருக்கு எட்டாமல் தடுமாறும்போது தன் முழு பலத்தில் கத்தும். அதனால் டவர் தூரமாக இருப்பதுதான் உங்கள் காதுக்கு அருகே அலையைக் கூட்டுகிறது.

பாதுகாப்பில் என்ன புதுச் சிக்கல்?

பெரிய குவாண்டம் கணினி வந்தால், இன்று இணையத்தில் செய்தியைப் பூட்டும் இரகசியச் சாவி பரிமாறப் பயன்படும் கணக்குகள் உடையும். சிம்முக்குள் இருக்கும் இரகசிய எண்ணுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. 5ஜியில் உங்கள் அடையாளத்தை மறைக்கப் பயன்படும் முறையும், வலையமைப்பின் பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறையும்தான் பாதிக்கப்படும். மாற்று முறைகளின் முதல் தொகுப்பை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றின் சாவிகள் நீளமானவை. பத்து வருஷம் ஒரே பேட்டரியில் ஓட வேண்டிய சின்ன உணரியில் அவற்றை எப்படிப் பொருத்துவது என்பது ஆராய்ச்சி.

அதைவிட அன்றாட ஆபத்து ஒன்று உண்டு. போலி டவர் ஒன்று உங்கள் போனைப் பழைய 2ஜிக்கு இழுத்துவிட்டால், 2ஜியில் டவரைச் சரிபார்க்கும் வழியே கிடையாது. மலையில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இருக்கும்வரை 2ஜியை அணைக்கவும் முடியாது.

சேலத்தில் படிக்கும் மாணவர்கள் இதில் என்ன செய்ய முடியும்? பெரிய ஆய்வகம் இல்லையே?

உங்களிடம் மலை இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வகங்களில் இல்லாத சோதனைக்கூடம் அது. 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்கு ஒரே பாதையில் ஏறலாம். வழியெல்லாம் புதர்க்காடு, பாறை, காபித் தோட்டம் என்று மாறும்.

முதலில் அளவெடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் அலை வலு, எஸ்ஐஎன்ஆர், எந்த டவர், என்ன அதிர்வெண் என்று குறியுங்கள். சாதாரண போனும் இலவசச் செயலியும் போதும். அதே வளைவுகளைக் கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழையில் ஒருமுறை. இலை நனைந்தபோது எவ்வளவு குறைந்தது என்ற எண்ணை மரங்களுக்குள் அலை எவ்வளவு குறையும் என்று கணக்கிடும் ஐடியூவின் மாதிரிகளோடு ஒப்பிடுங்கள். அந்த மாதிரிகள் நம் காபித் தோட்டங்களை அளந்து போட்டவை அல்ல. பொருந்தாவிட்டால் அதுவே நல்ல கட்டுரை.

எஸ்ஆர்எஸ்ரான், ஓபன்ஏர்இண்டர்ஃபேஸ் போன்ற திறந்த மென்பொருள்களால் ஒரு மடிக்கணினியையும் மென்பொருள் ரேடியோப் பெட்டியையும் வைத்து முழு டவரையே இயக்கிப் பார்க்கலாம். ஆனால் நீங்களாகச் செய்யும்போது அலையை அனுப்பாமல் கேட்பதோடு நிறுத்துங்கள். உரிமம் இல்லாமல் மொபைல் அலைவரிசையில் அனுப்புவது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுக்காரரின் அவசர அழைப்பையும் கெடுக்கும். அனுப்பும் சோதனைகளுக்கு ஐஐடி மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கி 2022 மே மாதம் தொடங்கிய 5ஜி சோதனைத் தளம் இருக்கிறது, கல்லூரி வழியாக அணுகலாம்.

தலைப்பு தேடுகிறவர்களுக்கு என் பரிந்துரை, மேலேற்றம். போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. நகரத்து 5ஜியில் நேரத்தின் பெரும்பகுதியைப் பதிவிறக்கத்துக்கே கொடுத்திருக்கிறார்கள், படம் பார்ப்பவர்களுக்கு அது சரி. மலையில் எஸ்டேட் கணக்கு அனுப்புகிறவர், மருத்துவரிடம் புண்ணைப் படமெடுத்துக் காட்டும் செவிலியர், ரேஷன் கடை மெஷின் எல்லாருக்கும் வேண்டியது மேலேற்றம்.

எங்கள் ஊருக்கு ஏதாவது நடக்க நாங்கள் என்ன செய்யலாம்?

கிராம சபையில் எழுத்தாகத் தீர்மானம் போடுங்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. "சிக்னல் இல்லை" என்று மட்டும் எழுதினால் அது எங்கேயோ போய்ப் படுத்துவிடும். எந்தக் குடியிருப்பு, எத்தனை வீடு, எந்த இடத்தில் எந்த சிம் எடுக்கவில்லை, பள்ளியும் ரேஷன் கடையும் அங்கன்வாடியும் எங்கே இருக்கின்றன, கரன்ட் போனால் எவ்வளவு நேரத்தில் சிக்னல் போகிறது என்று எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி நிறுவனங்கள் தங்கள் சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தை இணையத்தில் வைக்க வேண்டும். அதில் உங்கள் ஊருக்குச் சிக்னல் இருப்பதாக வண்ணம் பூசியிருந்தால், அந்தப் படத்தையும் அதே இடத்தில் உங்கள் போன் காட்டும் திரையையும் அச்செடுத்துத் தீர்மானத்தோடு இணையுங்கள். அளப்பதற்கு ஆள் வேண்டுமானால் பக்கத்துக் கல்லூரியில் கேளுங்கள். புராஜெக்ட் தேடும் மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.